சாந்தாமணியிடம் இருந்த ரூட் பாஸ்வேர்டு

போன வாரம் கம்பெனியிலிருந்து கீர்த்தனா பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சிஸ்டம் செக்‌ஷனைப் பார்க்கிறவள் அவள்தான். பழைய சர்வரை நிறுத்தப் போகிறார்களாம். டிராயிங் எல்லாம் இனி எங்கோ வெளியூரில் வாடகைக்கு எடுத்த இடத்தில் இருக்குமாம். டிஸ்க் வாங்க வேண்டாம், மாட்ட வேண்டாம், கழற்ற வேண்டாம்.

"கம்பெனி மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க்கா. அப்பெல்லாம் டிஸ்கு மவுன்ட் ஆகலைன்னா என்ன பண்ணுனீங்க, ஏது பண்ணுனீங்கன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

நமக்கு எதற்கம்மா எழுத்தெல்லாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "சாந்தாமணியக்காகிட்டயும் கேட்டிருக்கறோமுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுதி அனுப்புவதற்குள் என்னுடையது போய்ச் சேர்ந்துவிட வேண்டும். "இந்த வயசுல என்ன போட்டி உனக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். கேட்கட்டும். அந்த சர்வருக்கு முன்னால் அவரா உட்கார்ந்திருந்தார்?

எங்கள் கம்பெனி திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி செய்கிற கம்பெனி. லாரியின் முதுகில் கம்ப்ரசரையும், துளை போடுகிற உயரமான மாஸ்டையும் ஏற்றி, வட இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்புவோம். ஒரு ரிக்குக்கு நூற்றுக்கணக்கான டிராயிங். தகடு வெட்டுகிறவர், வெல்டிங் வைக்கிறவர், கடைசல் பிடிக்கிறவர் எல்லோரும் அந்த டிராயிங்கைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள். அது இல்லை என்றால் கம்பெனி முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நான் கணக்குப் பட்டம் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சில மாதம் யூனிக்ஸ் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவள். அங்கே சொல்லிக்கொடுத்ததில் பாதி புரியவில்லை, மீதி மறந்துவிட்டது. வேலை கற்றது எல்லாம் மேனேஜர் நல்லசாமி சாரிடம்தான்.

நல்லசாமி சார் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. நாம் டைப் அடிக்கும்போது பின்னால் வந்து நிற்பார். வாயில் ஒரு கிராம்பு இருக்கும். அந்த வாசனை வந்தாலே எனக்கு விரல் தடுமாறும். "என்டர் தட்டறதுக்கு முன்னாடி வாய்விட்டுப் படிங்க" என்பார். என்ன கட்டளை அடித்திருக்கிறோமோ அதை எழுத்துக்கு எழுத்து சத்தமாகப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும், "இப்ப எங்க நிக்கறீங்க?" என்பார். கருப்புத் திரையில் நாம் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறோம் என்பது அதன் அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் என்டர். வெறுமனே தேதி பார்க்கிற கட்டளைக்கும் இதே சடங்குதான். புதிதாக வந்தவர்கள் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார்கள். ஒருமுறை தப்பான ஃபோல்டரில் நின்றுகொண்டு எதையாவது அழித்துவிட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

அவர் யாரையும் பாராட்டவும் மாட்டார். வேலை மனதுக்குப் பிடித்துவிட்டால் சட்டைப் பையிலிருந்து சின்னச் சம்புடத்தை எடுத்துத் திறந்து, ஒரு கிராம்பை நீட்டுவார். எனக்குப் பத்து வருஷத்தில் மூன்று முறையோ நான்கு முறையோ கிடைத்திருக்கும். ஒவ்வொன்றையும் கடிக்காமல் நாக்கிலேயே வைத்துக்கொண்டு வீடு வரை போயிருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் சாந்தாமணி வந்து சேர்ந்தாள். ஓமலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மல்லசமுத்திரத்துக்கு வந்தவள். எனக்கும் மல்லசமுத்திரம்தான் என்பதால் இருவரும் ஒரே பஸ். என்னைவிட எட்டு வயது சின்னவள். வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் டப்பாவிலிருந்து உரிமையோடு எடுத்துச் சாப்பிடுவாள். எதைக் கேட்டாலும் "ஏனுங்க்கா, அது ஏன் அப்படி?" என்று திருப்பிக் கேட்பாள். நான் அப்படிக் கேட்டதே இல்லை. சார் சொன்னால் சரி என்று எடுத்துக்கொள்கிறவள் நான்.

வயிற்றெரிச்சல் ஆரம்பித்த நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மவுன்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டினால் தானாகவே ஒரு படம் வந்து நிற்கும். எங்கள் சர்வரில் அப்படி நடக்காது. முதலில் வெறும் ஃபோல்டர் ஒன்று வைத்திருக்க வேண்டும். இந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து அந்த ஃபோல்டரில் குடிவை என்று நாம் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் மவுன்ட். மெஷின் ஆன் ஆகும்போது எந்த டிஸ்க் எந்த ஃபோல்டருக்கு என்று எஃப்எஸ்டேப் என்கிற ஒரு ஃபைலைப் படித்துத் தெரிந்துகொள்ளும். டிராயிங் இருக்கிற டிஸ்க்குக்கு டேட்டா என்ற ஃபோல்டர். அதன் நகல் இருக்கிற டிஸ்க்குக்கு பேக்கப் என்ற ஃபோல்டர்.

அன்றைக்குக் காலையில் டேட்டா டிஸ்க் ஏதோ காரணத்தால் மவுன்ட் ஆகவில்லை. யாரும் கவனிக்கவில்லை. டிசைன் செக்‌ஷன்காரர்கள் வழக்கம்போல டேட்டா ஃபோல்டரில் மதியம் வரை வேலை செய்து சேவ் செய்திருக்கிறார்கள். பழைய டிராயிங்கைத் தேடியபோதுதான் ஃபோல்டரில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. நான் பார்த்தேன், மவுன்ட் ஆகவில்லை என்று கண்டுபிடித்தேன். மவுன்ட் செய்ய ரூட் பாஸ்வேர்டு வேண்டும், அப்போது அது சாரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் வந்து அதை அடித்துக் கொடுத்தார். நான் கட்டளையை வாய்விட்டுப் படித்து என்டர் தட்டினேன். டிஸ்க் வந்து உட்கார்ந்தது. பழைய டிராயிங் எல்லாம் வந்துவிட்டது. நான் சம்புடம் வெளியே வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், டிசைன் செக்‌ஷனிலிருந்து கூச்சல்: "காத்தால இருந்து போட்டதெல்லாம் காணமுங்க!"

டிஸ்க் முழுக்கத் தேடினேன். இல்லை. சாருக்கும் பிடிபடவில்லை. சாந்தாமணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "கழட்டிப் பாருங்க்கா. அடியில இருக்கும்" என்றாள்.

"எதுக்கு அடியில?"

"டிஸ்கு வாரதுக்கு முன்னாடி வெறும் ஃபோல்டர்லதான எழுதிக்கிட்டு இருந்தாங்க? இப்ப டிஸ்கு அது மேல வந்து உக்காந்துக்கிச்சு. எந்திரிக்கச் சொன்னா அடியில இருக்கறது தெரியுமில்லீங்?"

அன்மவுன்ட் செய்தோம். காலை முதல் போட்ட டிராயிங் அத்தனையும் அப்படியே இருந்தன. அவள் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சம்புடம் வெளியே வந்தது. கிராம்பு அவள் கைக்குப் போனது. அவள் அதைக் கடக்கென்று கடித்துவிட்டு, "காரமா இருக்குதுங்க சார்" என்று சிரித்தாள்.

அடுத்த மாதமே நல்லசாமி சாருக்கு கொள்முதல் வேலையும் சேர்ந்துகொண்டது. சர்வருக்கு வந்து நிற்க அவருக்கு நேரமில்லை. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ரூட் பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்டத்தான் இருக்கோணும். ரெண்டு பேர்கிட்ட இருந்தா எவரு எதைப் பண்ணுனாங்கன்னு தெரியாமப் போயிரும். சாந்தாமணி வெச்சுக்கட்டும். எனக்கும் சொல்ல வேண்டாம், மாத்திக்கங்க" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நான் அப்போது அங்கே பதினோரு வருஷம் வேலை செய்திருந்தேன்.

ரூட் என்றால் அந்த மெஷினில் எதையும் செய்யலாம். அது இல்லாதவர் பார்க்கலாம், படிக்கலாம், அவ்வளவுதான். ஒரு டிஸ்க்கை மவுன்ட் செய்யக்கூட முடியாது. அதற்குப் பிறகு ஏதாவது வேலை என்றால் நான் சாந்தாமணியைக் கூப்பிட வேண்டும். அவள் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது சார் வைத்த முறை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதுகுக்குப் பின்னால் கீபோர்டு படபடவென்று அடிக்கும். "ஆச்சுங்க்கா, திரும்புங்க" என்பாள். அந்த "திரும்புங்க" இருக்கிறதே, அதில் ஒரு துளி கர்வம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்வாள். அதனால் எனக்கு இன்னும் எரியும்.

அவளுடைய எல்லாமே எனக்குக் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. அவள் டைப் அடிக்கிற வேகம். அவள் சிரிப்பு. கேன்டீன்காரம்மா அவளுக்கு மட்டும் டீயில் இஞ்சி தட்டிப் போடுவது. வீட்டில் சொன்னால் வீட்டுக்காரர், "உட்டுத் தொலை. பாஸ்வேர்டு இல்லீன்னா வேலை கம்மிதான?" என்பார். அந்த மனுஷனிடம் சொன்னதற்கு என்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நாள் நடந்ததையும் எழுதினால்தான் நான் சொல்வது புரியும். சர்வர் ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. கருப்புத் திரையில் எமர்ஜென்சி என்று போட்டுவிட்டு, ரூட் பாஸ்வேர்டு கொடு என்று கேட்டுக்கொண்டு நின்றது. ஏன் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. யுஎஸ்பி டிஸ்க் ஒன்றை ரிப்பேருக்காகச் சேலத்துக்கு அனுப்பியிருந்தோம். எஃப்எஸ்டேப்பில் அதற்கான வரியை யாரும் எடுக்கவில்லை. முன்பெல்லாம் டிஸ்க் இல்லாமலும் எழுந்துகொண்ட மெஷின், சிஸ்டத்தைப் புதுப்பித்த பிறகு, அந்த டிஸ்க் வரும் வரும் என்று பார்த்துவிட்டு, வராததால் மேலே போக மறுத்துவிட்டது. அந்த வரியில் நோஃபெயில் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், இருந்தால் மாட்டு, இல்லாவிட்டால் போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். சாந்தாமணி வந்தாள், நான் திரும்பி நின்றேன், அவள் பாஸ்வேர்டு அடித்தாள். "நோஃபெயில் போடு" என்று நான் சொன்னேன். அவள் போட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி கதவைத் திறந்தார். அவள் கீபோர்டில் இருக்கிறாள், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். சர்வர் எழுந்துவிட்டதைப் பார்த்தார். "சாந்தாமணி இருக்கறப்ப நமக்கு என்ன கவலை?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "வளர்மதியக்காதான் சொன்னாங்க சார்" என்று அவள் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். கதவு சாத்திக்கொண்டது.

இனி ஆயுத பூஜை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் மற்ற நோம்பியெல்லாம் அதற்குப் பின்னால்தான். லேத்திலிருந்து கேஸ் கட்டர் வரை, லாரியிலிருந்து ஸ்பேனர் வரை எல்லாவற்றையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். பூஜை முடிந்தால் மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் தொட வேண்டும். அப்படி நல்ல நேரத்தில் ஓட்டிவிட்ட மெஷினை அன்று ஷிப்ட் முடியும் வரை நிறுத்தக் கூடாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட்டாவது ஓடவிடுவார்கள். பாதியில் நின்றால் வருஷம் முழுக்க வேலை பாதியில் நிற்கும் என்று முதலாளிக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த வருஷம் நல்லசாமி சாருக்கு ஒரு ஆசை வந்தது. சர்வரை மட்டும் மேலே துடைத்துப் பொட்டு வைக்கிறோமே, அதுவும் ஆயுதம்தானே, முழுசாகச் சுத்தம் செய்ய வேண்டாமா என்று. தானே உட்கார்ந்தார். மூடியைக் கழற்றி, ப்ளோயரால் தூசியை ஊதி, டிஸ்க்குகளை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். டேட்டா டிஸ்க்கும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே சமயத்தில் வாங்கியவை. ஒரே கம்பெனி, ஒரே அளவு.

விஜயதசமி சனிக்கிழமை வந்தது. சாந்தாமணி லீவு. அவளுடைய கொழுந்தனார் குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து. நான்தான் கற்பூரம் காட்டி சர்வரை ஆன் செய்தேன். எந்தக் குறையும் சொல்லாமல் எழுந்தது. இரண்டு டிஸ்க்கும் மவுன்ட் ஆகியிருந்தன. அவள் இல்லாமலே நடக்கிறது பார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் டிசைன் செக்‌ஷன் குமரேசன் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஏனுங்க்கா, இந்த வாரம் போட்ட மாஸ்ட் டிராயிங் ஒண்ணுமே இல்லீங்க. போன வாரத்துதுதான் இருக்குது."

புது மாடல் ரிக்குக்கான மாஸ்ட் அது. டிசைன் செக்‌ஷன் முழுவதும் அந்த வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. பூஜை அன்று மத்தியானம் வரை உட்கார்ந்து முடித்திருந்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் தகடு வெட்டக் கொடுக்க வேண்டும்.

"யாரும் எதையும் சேவ் பண்ணாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்க் கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் போன வார ஃபைல்கள் மட்டும் எப்படி நன்றாகத் திறக்கின்றன? யாராவது அழித்தார்களா? கம்பெனி பூட்டியிருந்ததே. வெகு நேரம் ஒன்றும் ஓடவில்லை. கடைசியில், தினமும் காலையில் எந்த டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கிற டிஎஃப் கட்டளையை வேறு வழியில்லாமல் அடித்தேன். அதற்கு ரூட் வேண்டியதில்லை. பேக்கப் டிஸ்க்கில், நகல் எடுக்கும்போது தொடாத தனி ஃபோல்டரில், பழைய மாடல்களின் டிராயிங்கும் சேர்ந்து இருப்பதால் எப்போதும் அதுதான் அதிகம் நிறைந்திருக்கும். அன்று டேட்டா அதிகம், பேக்கப் குறைவு என்று காட்டியது.

எஃப்எஸ்டேப்பைத் திறந்து படித்தேன். எஸ்டிபி என்ற டிஸ்க்கை டேட்டாவில் மாட்டு, எஸ்டிசி என்ற டிஸ்க்கை பேக்கப்பில் மாட்டு என்று இருந்தது. இந்த எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் டிஸ்க்கின் சொந்தப் பெயர் இல்லை. எந்த வரிசையில் கண்ணில் படுகிறதோ அந்த வரிசையில் மெஷின் வைக்கிற பெயர். ஒயரை இடம் மாற்றிச் சொருகினால் பெயரும் மாறும்.

சாரைக் கூப்பிட்டுவிட்டேன். "சார், நேத்து எந்த ஒயரை எதுல சொருகுனீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான இருந்துச்சு" என்றார்.

ஆக டேட்டாவில் உட்கார்ந்திருப்பது பேக்கப் டிஸ்க். அதில் போன சனிக்கிழமை வரைதான் இருக்கும். இந்த வாரத்து வேலை பேக்கப் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. பெருமூச்சு விட்டேன். பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்தது. எங்கள் பேக்கப் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை ஷிப்ட் முடியும்போது தானாக ஓடும். டேட்டாவில் இருப்பதை அப்படியே பேக்கப்பில் எழுதும். டேட்டாவில் இல்லாததை பேக்கப்பிலிருந்து அழித்துவிடும். பொழுதோட, அதாவது சாயங்காலம், அது ஓடினால் பழசு புதுசின் மேல் ஏறிவிடும். மாஸ்ட் டிராயிங் உலகத்திலேயே இருக்காது.

"ஆஃப் பண்ணி ஒயரை மாத்திச் சொருகிரலாங்களா சார்?" என்று கேட்டேன். அதற்கு ரூட் தேவையில்லை, சாந்தாமணி தேவையில்லை என்பதை அந்த நிமிஷத்திலும் என் மனசு கணக்குப் போட்டது.

"விஜயதசமியன்னிக்கா? மொதலாளி காதுல உளுந்தா அவ்வளவுதான்" என்றார் சார். "ஓடிக்கிட்டே இருக்கட்டும். ஓட ஓடச் சரி பண்ணோணும்."

ஓட ஓடச் சரி செய்ய ரூட் வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான். பேர் அவளுக்குப் போகப் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் போட்டேன். பின்னால் மேளச் சத்தம், குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம்.

"சாந்தா, ஆயுத பூஜைக்குக் கழட்டி மாட்டினதுல டிஸ்க் ரெண்டும் இடம் மாறிப் போச்சு."

"ஐயோ, பொழுதோட பேக்கப் ஓடுமேங்க்கா!"

எனக்கு அரைக் காலைப்பொழுது பிடித்தது. அவளுக்கு ஒரு மூச்சு. அந்த அவசரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் வாரதுக்குள்ள நேரமாயிரும். பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கங்க்கா."

"சார் பக்கத்துல நிக்கறாரு."

"நிக்கட்டுமுங்க. டிராயிங் போனா வருமா?" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "கடைசியில ஒரு ஸ்டார் இருக்குதுங்க்கா, உட்றாதீங்க."

ஒன்பது வருஷமாகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவளிடம், காது குத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு நொடியில் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்ததா, ஆத்திரம் வந்ததா தெரியவில்லை.

ரூட்டாக உள்ளே போனேன். சார் பின்னால் நின்றார், கிராம்பு வாசனை வந்தது. ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்தேன். முதலில் சாயங்காலப் பேக்கப்பை நிறுத்தினேன். பிறகு டிசைன் செக்‌ஷன்காரர்கள் டேட்டாவுக்குள் வருகிற ஷேர் என்கிற வழியை நிறுத்தினேன். பேக்கப் ஃபோல்டரை அன்மவுன்ட் செய்தேன், கழன்றது. டேட்டா கழல மாட்டேன் என்றது. யாரோ உள்ளே உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னது. எல்லோரையும் வெளியேற்றியாயிற்றே, இன்னும் யார்? நான் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்க்கச் சொல்லிக் குமரேசனை விரட்டிக்கொண்டிருந்தேன்.

சார் மெல்லக் கேட்டார். "இப்ப எங்க நிக்கறீங்க?"

பார்த்தேன். டேட்டா ஃபோல்டருக்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன். காலையில் டிராயிங்கைத் தேடப் போனவள் வெளியே வரவே இல்லை. குமரேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வெளியே வந்து கட்டளையைத் திரும்ப அடித்தேன், கழன்றது.

அடுத்ததில் நான் அவசரப்படவில்லை. எஸ்டிசியை வேறொரு வெறும் ஃபோல்டரில், படிக்க மட்டும் முடிகிற மாதிரி மாட்டினேன். யாரும் தவறி எழுதிவிடாமல் இருக்க அப்படிச் செய்வது. உள்ளே பார்த்தால் மாஸ்ட் டிராயிங், பூஜை அன்று மத்தியானம் கடைசியாகச் சேவ் செய்தது வரை, வரிசையாக இருந்தன. குமரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறக்கும்போதே வைத்த நீளமான எண் ஒன்று உண்டு. யூயூஐடி என்பார்கள். எந்த ஒயரில் சொருகினாலும் அது மாறாது. அதை எடுத்து எஃப்எஸ்டேப்பில் பழைய பெயர்களுக்குப் பதிலாக எழுதினேன். எல்லாவற்றையும் மவுன்ட் செய் என்று சொன்னேன். டேட்டா டேட்டாவில் உட்கார்ந்தது, பேக்கப் பேக்கப்பில் உட்கார்ந்தது. மெஷின் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தகடு வெட்டுகிற ஷெட்டுக்கு டிராயிங் மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டது. பேக்கப்பைத் திரும்ப ஓடவிட்டு, அது முடிகிற வரை உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சாயங்காலம் பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்ததும் நின்றார். "கேள்விப்பட்டேன். சாந்தாமணி கோயில்ல இருந்துக்கிட்டே ஃபோன்லயே சரி பண்ணிட்டாளாமா? கெட்டிக்காரிதான் போ!"

சார் அங்கேதான் நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். பொரியை மென்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சாந்தாமணி எல்லோருக்கும் காது குத்துச் சீர் முறுக்கு கொண்டுவந்திருந்தாள். சார் ஒன்றை எடுத்துக்கொண்டார். பிறகு அதே தாழ்ந்த குரலில் அவளிடம் சொன்னார். "அன்னிக்கு நீங்க சொன்னதாலதான் டிராயிங் பொழைச்சுது. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரூட் வெச்சிருக்கறவங்க ஃபோன்ல சொல்லப்படாதுங். ஒருக்கா சொன்னவங்க இன்னொருக்காவும் சொல்லுவாங்க. இனி வளர்மதி வெச்சுக்கட்டும். நீங்க உக்காந்து மாத்திக்கங்க, வளர்மதி."

ஒன்பது வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்தது என் மடியில் வந்து விழுந்தது. டிஎஃப் பார்த்ததற்காக இல்லை, எஃப்எஸ்டேப் படித்ததற்காக இல்லை. அவள் என்னை நம்பிச் சொன்னதற்காக அவளிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்தார். அவளுக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும் என்று திரும்பிப் பார்த்தேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, டேபிளில் சிந்திய முறுக்குத் தூளைக் கையால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் எப்போதும்போல எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"உனக்குக் கோவமே வல்லியா, சாந்தா?"

"எதுக்குங்க்கா கோவம்?" என்றாள். "கல்யாணம், காரியம், கோயில், குளம்னு எங்க போனாலும் ஃபோனைக் கையிலயே புடிச்சிக்கிட்டு இருந்தேனுங்க. பஸ்ஸுல கண்ணு மூடினா கம்பெனியிலிருந்து கூப்புடறாங்களோன்னு இருக்கும். சார்கிட்ட ரெண்டு மூணு தடவை கேட்டேன், வளர்மதியக்காகிட்டக் குடுத்துருங்கன்னு. அவரு கேக்கலை. இப்பத்தானுங்க மூச்சே வருது."

சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். பஸ் இன்னும் ஊரைத் தாண்டவில்லை, தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பள்ளத்தில் பஸ் குதித்தபோது தலை கம்பியில் மோதியது, அதற்கும் எழவில்லை. என் பைக்குள் போன் அடித்தது. கம்பெனி நம்பர். எடுத்துப் பேசினேன், ஏதோ ஃபோல்டர் திறக்கவில்லையாம், உடனே திரும்பி வர வேண்டுமாம். அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, இறங்குவதற்கு முன் ஒருமுறை அவளைப் பார்த்தேன். பாவி, என்ன தூக்கம் தூங்கினாள்! அன்றைக்கு எரிந்த மாதிரி என் வயிறு அதற்கு முன்னால் எரிந்ததே இல்லை.